எத்தினையாம் பக்கம்?

யாராவது அரசாங்கத்தைக் குறை சொன்னால் அக்கா ஒன்றுதான் கேட்பார்.

"எத்தினையாம் பக்கம்?"

அதோடு பேச்சு நின்றுவிடும். எங்களில் ஒருவரும் எந்தப் பக்கத்தையும் படித்திருக்க மாட்டோம்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டுவிட்டு எழுதலாம் என்றால் கேட்க வழியில்லை. மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். முதல் இரண்டு நத்தார் பண்டிகைக்கும் வாழ்த்து அட்டை வந்தது. பிறகு வரவில்லை. நானும் வீடு மாறிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒக்லாந்தில், மங்கரேயில் இருந்தோம். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கொட்டகையில் போர்க்லிஃப்ட் ஓட்டினேன். அக்கா அடுத்த கட்டடத்தில் விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. காலை ஐந்தரைக்கு வேலை. என் வான் வண்டியில்தான் வருவார். முன் இருக்கையில் உட்கார்ந்து உள்விளக்கைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். கண்ணாடியில் வெளிச்சம் அடித்து எனக்கு வீதி தெரியாது. சொன்னேன். "மெதுவா ஓட்டுங்கோ தம்பி" என்றார். விளக்கை அணைக்கவில்லை.

கதைப் புத்தகம் வாசிக்க மாட்டார். நகரத்தில் அரசாங்க வெளியீடுகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் போய் அங்கே பாராளுமன்றச் சட்டமூலம் வாங்கி வருவார். மெல்லிய தாள், மேலே அட்டை இல்லை. பென்சிலை முடி வலைக்குள் செருகியிருப்பார். வேலை செய்யும் இடத்தில் அந்த வலை கட்டாயம். பென்சில் கட்டாயமில்லை.

பின் இருக்கையில் ஒரு தஞ்சாவூர்க்காரர் வருவார். அவர் எஞ்சினியர். படிப்புக்குப் புள்ளி போட்டு விசா கொடுத்த காலம் அது. விசா கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. என்னோடு சரக்குக் கொட்டகையில் பெட்டி தூக்கினார். வாய் ஓயாது.

"நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க அக்கா. எஞ்சினியர் வேணும், வாங்க வாங்கன்னாங்க. வந்தா மாம்பழப் பெட்டி தூக்குங்கறாங்க."

"எத்தினையாம் பக்கம்?"

"என்னது?"

"வேலை தருவம் எண்டு எத்தினையாம் பக்கத்தில எழுதியிருக்கு?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் மனிதர் விசா விதிகள் அச்சிட்ட புத்தகத்தைக் கொண்டுவந்தார். படித்துவிட்டே வந்திருந்தார்.

"எங்கயும் எழுதலக்கா."

"அப்ப அதுதான் உங்கட முறைப்பாடு. எழுதேல்ல எண்டு எழுதுங்கோ."

"யாருக்கு?"

"கடைசிப் பக்கத்தில விலாசம் இருக்கு."

அவர் எழுதினாரா தெரியாது. அதற்குப் பிறகு அக்காவுக்குக் கொஞ்சம் பயந்தார். பகிடியை மட்டும் விடவில்லை.

அக்கா வேலை செய்த இடத்தில் ஒரு முறை மேற்பார்வையாளர் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். தேநீர் இடைவேளை இனிப் பத்து நிமிடம். அதுவரை பதினைந்து. சமோவாப் பெண்களும் டொங்காப் பெண்களும் முணுமுணுத்தார்கள். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு அறிவித்தலை வாசித்தார். பிறகு அவரிடம் போய் ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டார். அவர் விளங்காமல் சிரித்தார். அடுத்த நாள் அக்கா வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் ஒரு பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லையாம். மதியம் சுவரில் அறிவித்தல் இல்லை.

பெண்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவரை "பேஜ்" என்று கூப்பிட்டார்கள். அக்காவுக்குக் கைதட்டு பிடிக்கவில்லை.

"வாசிச்சா காணும். இதுக்கு ஏன் கைதட்டு?"

என் மனைவிக்கு அக்காவைப் பிடிக்காமல் போனதற்கும் இதே குணம்தான் காரணம். எங்கள் வாடகையைக் கூட்டிய கிழமை மனைவி அழுதுகொண்டு நின்றாள். அக்கா வந்தார். தண்ணீர் குடி, கவலைப்படாதே என்று ஒரு சொல் இல்லை. வாடகைப் பத்திரம் எங்கே, கூட்டலாம் என்று எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவர் போன பிறகு மனைவி சொன்னாள்.

"மனிசிக்கு நெஞ்சுக்குள்ளயும் பேப்பர்தான்."

ஆனால் எனக்கு வேறொன்று தெரியும்.

எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்கு அக்காதான் பெயர் சேர்ப்பார். நவம்பரில் மரித்தோர் திருநாளுக்கு வீடு வீடாக வந்து, இறந்த உறவினர் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். சுவாமியார் பூசையில் அவற்றை வாசிப்பார். எங்கள் வீட்டில் மனைவி தன் தகப்பன் பெயரைச் சொல்லுவாள், தாயின் பெயரைச் சொல்லுவாள். பிறகு என் அண்ணியின் பெயர். பிறகு அக்கா பென்சிலோடு என்னைப் பார்ப்பார்.

"வேற?"

"இல்ல."

"ஓம்."

கொப்பியை மூடிவிட்டுப் போவார். என் அண்ணன் கதை மங்கரேயில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் கேட்பார்கள், ஏன் பெயர் கொடுக்கவில்லை, இவ்வளவு காலம் ஆயிற்றே என்று. அக்கா கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பக்கம் கேட்கிற மனுசி அதற்கு மட்டும் கேட்டதில்லை.

அண்ணன் மன்னாரில் மீன்பிடிகாரர். நானும்தான். எட்டாம் வகுப்போடு இரண்டு பேரும் கடலுக்குப் போனோம். ஒரு நாள் அவர் தனியே போனார். படகு வந்தது. அண்ணன் வரவில்லை. அண்ணி அதற்கு முதலே காய்ச்சலில் போய்விட்டார். அவர்களுடைய மகள் அனிற்றாவுக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தோம்.

இங்கே வளர்ந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். என்னைச் சித்தப்பா என்பது மட்டும் தமிழ். பள்ளிக்கூடம் முடித்தாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்தது.

அப்போதுதான் படிவம் வந்தது.

அந்தக் காலத்துச் சட்டம் இப்படி. படிக்கும் பிள்ளைக்குச் செலவுக்குக் காசு தருவார்கள். அலவன்ஸ். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வயது குறைந்த பிள்ளை என்றால் தாய் தகப்பனின் வருமானத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அலவன்ஸ் இல்லை. கடன்தான். அந்தக் கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஓடும்.

குசினி மேசையில் வைத்து நான் நிரப்பினேன். தாய், இறந்தவர். அதற்குப் பெட்டி இருந்தது, புள்ளடி போட்டேன். தகப்பன். மூன்று பெட்டி. உயிரோடு இருக்கிறார். இறந்துவிட்டார். பிரிந்து வாழ்கிறார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு முதல் பெட்டியில் புள்ளடி போட்டேன். தொழில், மீன்பிடி. விலாசம், மன்னார். வருமானம் என்ற இடத்தை விட்டுவிட்டேன்.

நான் விட்ட பிழை அது. வேறு எதையும் போட எனக்குக் கை வரவில்லை.

கடிதம் வந்தது. தகப்பனின் வருமானத்துக்கு அத்தாட்சி அனுப்புங்கள். அலவன்ஸ் கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு தாளைத் தந்தாள். தகப்பன் இறந்துவிட்டார் என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளைக்கு அலவன்ஸ் கிடைக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்தேன். பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

"ஜஸ்ட் சைன் இட், சித்தப்பா," என்றாள் அனிற்றா. "இட்ஸ் ஒன்லி பேப்பர்."

"நீ போடு."

பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பேனா கையில் இருந்தது. பிறகு பசிக்கிறது என்று எழும்பிப் போனாள். சாப்பிடவில்லை.

அந்த வருடம் கடன் எடுத்துத்தான் தொடங்கினாள். கட்டணத்துக்கும் கடன், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கடன். மனைவியிடம் தமிழில் சொன்னாளாம். தமிழில் சொன்னால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஒரு வருஷம் பாப்பன் சித்தி. அடுத்த வருஷமும் இப்பிடியெண்டா நிப்பாட்டிப்போட்டு அன்ரியோட தட்டு அடுக்கப் போறன்."

அன்ரி என்றது அக்காவை.

வானில் ஒரு காலை தஞ்சாவூர்க்காரர் அனிற்றாவின் படிப்பைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை.

"அட, ஒரு கையெழுத்துதானே அண்ணே. போட்டுட்டுப் போங்க. அவருக்கா தெரியப்போகுது?"

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். அவருக்கும் விளங்கிவிட்டது. "சாரிண்ணே" என்றார்.

"சட்டம் அப்பிடியாம்," என்றேன்.

"எத்தினையாம் பக்கம்?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வருவது குறைவு. அன்று வந்தது.

"பக்கம் தெரியாது அக்கா. விளக்கை நிப்பாட்டுங்கோ. எனக்கு ரோட்டுத் தெரியேல்ல."

அக்கா விளக்கை அணைத்தார். முதல் தடவை. இருட்டிலேயே போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது கேட்டார்.

"அந்தப் போமை ஒருக்காத் தருவீங்களோ?"

படிவத்தின் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் வானில் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போடாமல் சொன்னார்.

"பதினோராம் பக்கம். மூண்டு பெட்டி. நாலாவது இல்ல. சட்டத்தில மூண்டுதான் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல தம்பி. சட்டத்தில 'பெற்றோர்' எண்டு மட்டும்தான் கிடக்கு. பெட்டியைக் கீறினது ஒரு கிளார்க்."

"அதால?"

"கீறினவை இன்னொண்டும் கீறலாம்."

அந்த நேரம் உயர்கல்வி பற்றி ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் இருந்தது. அப்படி ஒன்று வந்தால் அதை ஆராய உறுப்பினர்கள் சிலரின் தெரிவுக்குழுவுக்கு அனுப்புவார்கள். அந்தக் குழுவுக்கு யாரும் எழுதலாம். எழுதி, நேரில் பேச விருப்பம் என்று ஒரு வரி போட்டால் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவனும் பேசலாம். எனக்கு இது தெரியாது. அக்கா நாலைந்து தடவை எழுதியிருந்தார். எப்போதும் ஒரு பக்கம்தான். "ரெண்டாம் பக்கத்தை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. நான் மட்டும்தான் வாசிக்கிறனான்" என்பார்.

இந்த முறை குழு ஒக்லாந்துக்கே வந்தது. நகரத்தில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. நான் அரை நாள் லீவு போட்டேன். அக்கா சேலை கட்டி வந்தார். அவரைச் சேலையில் நான் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முடியில் பென்சில் இருந்தது.

"நான் ஏன் அக்கா? எனக்கு இங்கிலீசு வராது."

"சும்மா பக்கத்தில இருங்கோ."

நீள மேசை. அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். தண்ணீர் ஜாடி, ஒரு கிண்ணத்தில் மின்ற் இனிப்பு. எங்களுக்கு முதல் பல்கலைக்கழகத்துப் பெரியவர் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். அவருக்கு முதல் மாணவர்கள். மேசையில் ஒருவர் கண்ணை மூடியிருந்தார். ஒருவர் இனிப்புக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தார். சுவரோரம் கந்தோர்க்காரர் சிலர் கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களுக்குப் பத்து நிமிடம். அக்கா கதிரை நுனியில் உட்கார்ந்தார். ஊரில் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், பழகிய ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாக வைத்தார். முதலாவது, படிக்கும் காலத்தில் கடனுக்கு வட்டி ஓடக்கூடாது. இரண்டாவது, கட்டணத்தை ஒவ்வொரு வருடமும் கூட்டக்கூடாது.

தலைவர் கேட்டார், படித்தவர்கள் பிறகு கூடச் சம்பாதிக்கிறார்களே, அந்தச் செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்பதில் என்ன பிழை என்று.

"எங்கள் வானில் ஓர் எஞ்சினியர் வருகிறார். மாம்பழப் பெட்டி தூக்குகிறார்," என்றார் அக்கா. "அவர் எப்போது கூடச் சம்பாதிப்பார் என்று சொன்னால் நான் அவரிடம் சொல்லிவிடுவேன்."

கண்ணை மூடியிருந்தவர் திறந்தார். மாணவர்கள் பக்கம் சிரிப்பு வந்தது.

மூன்றாவது, பதினோராம் பக்கம். அக்கா படிவத்தை எடுத்து மேசையில் திறந்து வைத்தார். தேநீர் இடைவேளைக்கு ஒப்பந்தத்தையும் இந்த மாதிரித்தான் வைத்திருப்பார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். இது இந்தச் சட்டமூலத்தில் இல்லையே அம்மா என்றார்.

"தெரியும். அதுதான் முறைப்பாடு."

ஒரு பெண் உறுப்பினர் என்னைப் பார்த்தார். வயதானவர். நீங்கள்தான் அந்தச் சகோதரரா என்று கேட்டார். தலையாட்டினேன். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்.

அக்கா சும்மா இருக்கச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட் கேம்," என்றேன். "ஹீ நொட் கேம். ஐ டோன்ட் நோ."

"அதற்கு மேல்?"

"யுவர் போம் ஸே, யூ நோ. ஐ டோன்ட் நோ."

அவ்வளவுதான் எனக்கு வந்தது. அந்த அம்மா ஏதோ எழுதினார். தலைவர் நன்றி சொன்னார். அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைவழியில் லிஃப்டுக்கு நின்றோம். சுவரோரம் இருந்த கந்தோர்க்காரரில் ஒரு பொடியன் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தான். மெல்லிய கழுத்து, பெரிய கோப்பு. அந்தப் படிவங்கள் தன்னுடைய பகுதியில்தான் தயாராகின்றன என்றான். நாலாவது பெட்டி போடுவதென்றால் என்ன சொற்கள் போட வேண்டும் என்று கேட்டான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் எழுதுங்கள். நான் பார்க்கிறேன்."

அவனிடம் தாள் இல்லை. ஒரு கடித உறையின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து எழுதினான். காணாமல் போனவர், இறந்துவிட்டதாகக் கருதப்படுபவர். எழுதி அக்காவிடம் நீட்டினான்.

அக்கா முடிக்குள்ளிருந்து பென்சிலை உருவினார். இரண்டாவது பாதியைக் கோடு போட்டு அடித்தார்.

"கருத வேண்டாம்," என்றார். "தெரியாது என்று மட்டும் போடுங்கள்."

அவன் உறையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கோப்புக்குள் வைத்துக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது மோட்டார்வேயில் வாகனங்கள் நின்று நின்று போயின. அக்கா காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டியிருந்தார்.

"கச்சேரியிலயும் இப்பிடித்தான் தம்பி. மேசையில இருந்து கதைப்பினம். எழுதுறது வாசலில."

"ஏன் அக்கா உங்களுக்கு இவ்வளவு பாடு? உங்கட மகள் படிச்சு முடிச்சிட்டாதானே."

ஒரு பாலம் தாண்டிய பிறகு சொன்னார்.

ஊரில் அவர் கச்சேரியில் தட்டெழுத்தாளர். கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபங்களைத் தமிழில் ஸ்டென்சிலில் அடிப்பார். பிறகு றோணியோ மெஷினில் உருட்டிப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒரு வருடம் பெற்றோரை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் பற்றி ஒன்று வந்தது. எந்தெந்தப் பிள்ளைகளுக்கு என்று ஏழு வரி.

"நான் ஆறு வரி அடிச்சன். ஒண்டை விட்டிட்டன். கண் ஒரு வரி தாண்டிப்போச்சு. சொந்தக்காரரோட இருந்து படிக்கிற பிள்ளையள் எண்ட வரி."

"பிறகு?"

"உருட்டி அனுப்பியாச்சு. ஒரு வருஷம். அந்தப் பிள்ளையள் ஒருத்தருக்கும் காசு போகேல்ல. எத்தினை பிள்ளையள் எண்டு எனக்குத் தெரியாது."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. அரசாங்கம் நிப்பாட்டிப்போட்டுது எண்டு நினைச்சிருப்பினம். அரசாங்கம் எங்க நிப்பாட்டினது? நான் மத்தியானச் சாப்பாட்டை யோசிச்சுக்கொண்டு அடிச்சனான்."

முன்னால் லொறி நின்றது. நானும் நிறுத்தினேன்.

"அடுத்த வருஷம் அடிக்கேக்க அந்த வரியைச் சேத்துப்போட்டன்," என்றார். "அதையும் ஒருத்தரும் கேக்கேல்ல."

நானும் கேட்கவில்லை. இறங்கும்போது என்னைப் பார்க்காமல், "இனி விளக்குப் போடுறேல்ல. டோர்ச் வாங்கியிருக்கிறன்" என்றார். டோர்ச்சும் கண்ணாடியில் அடித்தது. நான் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் குழுவின் அறிக்கை தபாலில் வந்தது. தடித்த உறை. அக்கா வானில் வைத்தே பிரித்தார். வட்டியைப் பற்றி ஒரு வரி, கவனத்தில் எடுக்கப்பட்டது. கட்டணத்தைப் பற்றி ஒரு வரி, கவனத்தில் எடுக்கப்பட்டது. பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில் எழுதியவர்களின் பட்டியல். அதில் அக்காவின் பெயர்.

"அக்கா பேரு அச்சுல வந்துருச்சு!" தஞ்சாவூர்க்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "டிரீட் எங்க? ஆமா, எஞ்சினியர் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

"இல்ல."

"மாம்பழம் பத்தி?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நான் கண்ட மட்டில் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

அறிக்கையை மூடி மடியில் வைத்தார். தோற்றுப்போனோம் என்று நான் நினைத்தேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. "வட்டியை ஒரு நாள் எடுப்பினம். இந்தப் பிள்ளைக்கு உதவாது," என்றார். நாலைந்து வருடத்தில் படிக்கும்போது ஓடும் வட்டியை நீக்கினார்கள்தான். அக்கா அப்போது இங்கே இல்லை.

ஒக்ரோபர் கடைசியில் அடுத்த வருடத்துக்கான படிவம் வந்தது. அனிற்றா வேலைக்கு விண்ணப்பப் படிவம் ஒன்றும் எடுத்து வைத்திருந்தாள். அக்கா வேலை செய்யும் இடத்துப் படிவம். இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மனைவி அதைப் பார்க்காத மாதிரி மரக்கறி வெட்டினாள்.

அனிற்றா படிப்புப் படிவத்தைப் பிரித்தாள். பக்கங்களைப் புரட்டினாள். நின்றாள்.

"சித்தப்பா."

நான் எழும்பிப் போனேன். பதினோராம் பக்கம் இல்லை, இந்த முறை பன்னிரண்டாம் பக்கம். பெட்டிகள். எண்ணினேன். நாலு.

நாலாவதில் இருந்தது, எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவ்வளவுதான். கருதவில்லை.

அனிற்றா பேனாவை எடுத்தாள். அதில் புள்ளடி போட்டாள். மெதுவாகப் போட்டாள், கோடு பெட்டிக்கு வெளியே போகாமல். போட்டுவிட்டு மற்றப் படிவத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் குப்பையில் போட்டாள்.

"கூப்பிடவோ அன்ரியை?" என்று தமிழில் கேட்டாள்.

"வருவா. பேர் எழுத வருவா."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அக்கா கொப்பியோடு வந்தார். அனிற்றா படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தார். அந்த ஒரு வரியைத்தான். இரண்டு தரம் வாசித்தார். அனிற்றாவின் கன்னத்தில் தட்டவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை.

"கையெழுத்துப் போட மறந்திட்டீர்," என்றார்.

மனைவி தேநீர் வைத்தாள். பலகாரமும் வைத்தாள். அவள் அக்காவுக்குப் பலகாரம் வைத்தது அன்றுதான். கதிரையை இழுத்துப்போட்டு, "இருங்கோ அக்கா" என்றாள்.

அக்கா கொப்பியை விரித்தார். மனைவி தகப்பன் பெயரைச் சொன்னாள், தாயின் பெயரைச் சொன்னாள். என் அண்ணியின் பெயரை அனிற்றா சொன்னாள். பிறகு அக்கா வழமை போல என்னைப் பார்த்தார்.

"வேற?"

"இல்ல," என்றேன்.

"ஓம்."

ஆனால் கொப்பியை மூடவில்லை. புரட்டிக்கொண்டே போனார். பின்னட்டைக்கு முன்னால் ஒரு வெறும் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருந்தார். மேலே பென்சிலில் ஏதோ தலைப்பு. நான் இருந்த இடத்திலிருந்து வாசிக்க முடியவில்லை. கீழே ஏற்கெனவே நாலைந்து பெயர்கள் இருந்தன. முதலாவது பெயரோடு அவருடைய குடும்பப் பெயரும் இருந்தது.

"சுவாமியாரோட கதைச்சனான்," என்றார். "இதையும் வாசிப்பார். மரிச்சவைக்குப் பிறகு, தனிய."

தேநீரில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எத்தினையாம் பக்கம், அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசிப் பக்கம், தம்பி."

பென்சிலை எடுத்தார். நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன்.